எந்திரிச்சிராதம்மா

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெயில் தீயாக எரிந்துகொண்டிருந்தது, இந்தப் பக்கம் ஏசிக் குளிரில் தவமணிக்குப் பல்லு தந்தியடித்தது, எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு ஆள் வருவதாகக் காணோம். கொண்டுவந்து சுவரோரமாக நிறுத்திவிட்டு, கையை விரித்து அஞ்சு விரலையும் காட்டிவிட்டுப் போனானே அந்த மொட்டைத் தலையன், அஞ்சு நிமிஷமா அஞ்சு மணி நேரமா, எதைக் காட்டினான் என்று யார் கண்டது, போனவன் போனவன்தான். நாசமாப் போக. வரிசையாகச் சக்கர நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் ஒரு உடம்பு, எல்லாம் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு. மெட்ராஸிலிருந்து வந்த விமானம் லேட்டு. இங்கே, இந்த அரபு நாட்டில் இறங்கி டொரன்டோ விமானம் ஏற வேண்டும், அது யாருக்காகவும் நிற்காதாம், இந்த ஏர்போர்ட்டுக்குள்ளேயே எங்கேயோ ஒரு கோடியில் நிற்கிறதாம், எந்தக் கோடி என்று அவளுக்கு எப்படித் தெரியும். பாஸ்போர்ட், போர்டிங் பாஸ் எல்லாத்தையும் அதோ அந்த மேசைக்காரி வாங்கி வைத்துக்கொண்டாள். உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு போனில் யாரிடமோ சிரிக்கிறாள். சிரிடியம்மா சிரி, உனக்கென்ன. எழுந்து போய் மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, என் காயிதத்தைக் குடுடி, வழியைக் காட்டுடி, நான் போய்க்கிறேன் என்று கேட்க எவ்வளவு நேரமாகும். கால் துடித்தது. ஆனால் எந்திரிக்கக் கூடாது. கதிர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தான். "யம்மா, என்ன ஆனாலும் சரி, எந்திரிச்சிராதம்மா. எங்க பாத்தாலும் கேமரா இருக்கும். நடக்கிற ஆளு பொய் சொல்லி சேர் எடுத்துருச்சுன்னு தெரிஞ்சா அங்கனயே இறக்கி விட்ருவான், திருப்பி அனுப்பிருவான். பெத்த பிள்ளை சொல்றேன், உக்காந்த எடத்துல உக்காந்திரு." பெத்த பிள்ளை சொல்கிறானாம். அவன் அங்கே ஓசூரில் சோறு தின்றுவிட்டுத் தூங்கியிருப்பான்.

உட்கார்ந்தே கிட என்று அவளுக்கு வாழ்க்கையில் யாரும் சொன்னதில்லை. நத்தத்தில் வந்து கேட்டுப் பார்க்கட்டும், புளி மண்டித் தவமணி உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா என்று. விடியுமுன் மண்டி திறந்தால் நின்ற காலில்தான் நிற்பாள், வண்டி வந்து இறங்க, தரம் பிரிக்க, கொட்டை எடுக்கிற பொம்பளைகளோடு சண்டை பிடிக்க, எல்லாம் நின்றுகொண்டேதான். வருஷா வருஷம் தை பிறந்தால் பழனிக்கு நடை. செட்டிநாட்டுப் பக்கமிருந்து காவடி தூக்கிக்கொண்டு வருகிற கூட்டம் நத்தத்தைத் தாண்டும்போது இவளும் சேர்ந்துகொள்வாள், தார் ரோட்டில் வெறுங்காலோடு, குதிகால் வெடித்து, வெடிப்பில் மண் ஏறி, ராத்திரி எங்கேயாவது விளக்கெண்ணெய் தடவிப் படுத்தால் மறுநாள் மறுபடியும் நடப்பாள், கூட வருகிற இளவட்டமெல்லாம் கால் கொப்புளித்து ஆம்புலன்ஸ்காரனிடம் போய் நிற்கும், இவள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போவாள். அப்பேர்ப்பட்ட காலை இன்றைக்கு இரும்பு மிதியில் பொம்மை மாதிரி தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எல்லாம் ஊர் உலகத்து வழக்கம் என்றான் கதிர். "இங்கிலீஷ் தெரியாத அப்பன் ஆத்தா எல்லாரும் இப்படித்தாம்மா போறாங்க, சேர் போட்டா அவனே தள்ளிட்டுப் போயி அடுத்த பிளைட் வாசல்ல விட்ருவான், வரிசை கிடையாது, வழி கேக்க வேணாம், ராணி மாதிரி போயிரலாம்." அடுத்த தெரு பாக்கியத்தம்மா அமெரிக்கா போனது இப்படித்தானாம், சேரில் போய் சேரில் வந்து, வந்த மறுநாள் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு ஓடினாளாம். ராணி. ராணிக்குப் பசி எடுக்கிறது, ராணிக்குப் பின்பக்கம் மரத்துப் போய்விட்டது, ராணியைக் கேட்க நாதியில்லை.

நாளைக்குக் காலையில் டொரன்டோவில் மகள் சுகந்திக்கு ஆபரேஷன். வயிற்றில் கட்டி. ஒருதரம் நாள் குறித்து, கடைசி நேரத்தில் அந்தக் கழுதை மாட்டேன் என்று எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள், பயம். இன்னொரு தரம் தள்ளிப் போட்டால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளை என்று ஒருத்தன் இருந்தான், அவன் எவளோடோ போய்ச் சேர்ந்தது வேறு கதை, அவன் பேரைச் சொன்னாலே தவமணிக்கு வாய் கசக்கும். போனில் சுகந்தி அழவில்லை, அதில்தான் இவளுக்குக் கதிகலங்கிப் போனது. சின்னப் பிள்ளை மாதிரி மெதுவாகச் சொன்னாள், "நீ வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டன்னா உள்ள போயிருவேன்மா. நீ வரலைன்னா நான் போக மாட்டேன். சத்தியமாப் போக மாட்டேன்." போக மாட்டாள். தவமணிக்குத் தெரியும், அது இவள் வயிற்றில் பிறந்த பிடிவாதம், டாக்டரே வந்து காலில் விழுந்தாலும் போக மாட்டாள். அடுத்த விமானம் நாளைக்குத்தான் என்று கதிர் சொன்னான். நாளைக்கு என்றால் எல்லாம் முடிந்து போச்சு. அந்தக் கட்டி என்னவாயிருக்கும் இப்போது, எலுமிச்சை அளவு என்றார்கள், பிறகு ஆரஞ்சு என்றார்கள், இந்த டாக்டர்களுக்குப் பழக்கடையை விட்டால் வேறு கணக்குத் தெரியாது போலிருக்கிறது. சுகந்தியின் கை எப்போதும் குளிர்ந்து கிடக்கும், பள்ளிக்கூடம் போகும்போது பிடித்தால் தண்ணீரில் ஊறின மாதிரி இருக்கும். முருகா, யாராவது வந்து தொலையட்டும்.

பக்கத்துச் சேரில் அந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். சிவநேசன். சிலோன்காரன், டொரன்டோவில்தான் குடியிருக்கிறானாம், அம்பது வயசு இருக்கும். அங்கே கூரை வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. அவனும் அதே விமானத்துக்குத்தான். மெட்ராஸில் ரெண்டு பேரையும் பக்கம் பக்கமாக நிறுத்தியபோது நல்லாத்தான் பேசினான். "நாங்கள் சாமான் மாதிரித்தான் அக்கா, ஆராவது எடுத்து வச்சாத்தான் போய்ச் சேருவம்" என்று சிரித்தான். இவளும் பேச்சுத் துணை கிடைத்த சந்தோஷத்தில் சுகந்தி கதை, கட்டி, ஓடிப்போன மாப்பிள்ளை, ஒன்று விடாமல் கொட்டினாள். அப்புறம் கேட்டான், "அக்காவுக்கு முழங்காலோ?" அங்கேதான் இவள் வாய் சும்மா இருக்கவில்லை. "எனக்கென்ன கேடு தம்பி, கல்லு மாதிரி இருக்கேன். தைக்குத் தை பழனிக்கு நடக்கிறவ நான். இது மவன் போட்டு விட்டது, வழி தெரியாதுல்ல, அதுக்காக." பெருமையாகத்தான் சொன்னாள். அவன் அவள் காலைப் பார்த்தான், வெடித்த குதிகாலைப் பார்த்தான். அதோடு அவன் வாய் பூட்டிக்கொண்டது. ஏன், இவள் என்ன கெட்ட வார்த்தையா பேசினாள்? விமானத்துக்குள் ரெண்டு பேர் அவனை பெல்ட்டில் கட்டித் தூக்கி ஒரு ஒடுக்கமான சேரில் வைத்து, அதிலிருந்து தூக்கி இருக்கையில் வைத்தார்கள், தலை ஒரு பக்கம் சாய்ந்தது, சட்டை மேலே ஏறி வயிறு தெரிந்தது, இவள் பாவம் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இறங்கும்போது எல்லாரும் போன பிறகுதான் அவனை இறக்கினார்கள், அவனுக்காக இவளையும் நிறுத்தி வைத்தார்கள், அந்தத் தாமதம் வேறே. சரி, மனுசன்தானே என்று இங்கே வந்ததும் தண்ணி பாட்டிலை நீட்டினாள். கண்ணைத் திறக்காமலே, "வேண்டாம். குடிச்சாப் போகோணும். போறதுக்கு ஆள் வேணும்" என்றான். போகணும்னா போக வேண்டியதுதானே, இது ஒரு சாக்கா. என் கைத் தண்ணி இறங்காதோ துரைக்கு. திமிரு. இடுப்பு விழுந்தாலும் திமிரு விழவில்லை. காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடித்து இவள் பார்க்கவில்லை, உதடு காய்ந்து தோல் உரிந்து கிடந்தது, கிடக்கட்டும்.

மேலே பலகையில் எழுத்துகள் ஓடின, மாறின, சிவப்பில் ஒன்று மினுக்கியது. மினுக்கினால் என்ன அர்த்தம்? வா என்றா, போ என்றா, போயே போச்சு என்றா? அந்தக் கடைசியில் மஞ்சள் சேலை கட்டின வடநாட்டு அம்மா சற்று முன்னால் எழுந்து, ஜம்மென்று நடந்து, கடையில் மிட்டாய் வாங்கிக்கொண்டு மறுபடியும் சேரில் வந்து உட்கார்ந்தாள். இவள் கண்ணாலே பார்த்தாள். அடிப் பாதகத்தி, கேமரா உனக்குக் கிடையாதா? கேமரா இவளை மட்டும்தான் பார்க்குமா? மேலே கறுப்பாக ஒரு கண்ணாடிக் குமிழ் தொங்கியது, அது நேராக இவள் முட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்தால் மணி அடிக்குமோ, போலீஸ் ஓடி வருமோ, அரபு நாட்டுப் போலீஸ், பாஷை தெரியாத போலீஸ், ஜெயிலில் போட்டால் கதிருக்கு எப்படித் தகவல் போகும், மெட்ராஸுக்குத் திருப்பி அனுப்பினால் சுகந்தியிடம் என்ன சொல்வது, உன் ஆத்தா பொய்க்கால் போட்டுப் பிடிபட்டுட்டாடி என்றா. எந்திரிச்சிரு. எந்திரிச்சிராத. வாசல் தெரியாது, மேசைக்காரியிடம் டொரன்டோ டொரன்டோ என்று கத்தினால் காட்ட மாட்டாளா? காட்டுவாள். காட்டிவிட்டு, ஏன் நீ நடக்கிறாய் என்று கேட்டால்? பழனி ரோட்டில் இப்படித்தான் ஒரு தரம், கூட்டத்தை விட்டு விலகி, எது பாதை என்று தெரியாமல் முட்டுச் சந்தில் நின்றாள், அன்றைக்குப் பயமே இல்லை, சத்தம் போட்டாள், யாரோ பதில் கொடுத்தார்கள், சத்தம் வந்த பக்கம் நடந்தாள், அவ்வளவுதான். இங்கே சத்தம் போட்டால் யார் பதில் கொடுப்பார்கள். தொடை இரண்டும் தானாக இறுகி இறுகித் தளர்ந்தன. கட்டிப் போட்ட மாட்டுக்குக்கூடக் கயிறு கண்ணுக்குத் தெரியும். கதிரை இப்போது கையில் கொடுத்தால் நாலு அறை அறைந்துவிடுவாள்.

அப்போதுதான் மொட்டைத் தலையன் வந்தான், வேர்த்து விறுவிறுத்து, ஒண்டி ஆளாய். மேசைக்காரியும் எழுந்து வந்தாள், கையில் ரெண்டு பாஸ்போர்ட். "டொரன்டோ, டொரன்டோ" என்று இவளையும் சிவநேசனையும் மாறி மாறிக் காட்டினாள், மொட்டையனை ஒரு விரலால் காட்டினாள், தலையை ஆட்டினாள். ஒருத்தன்தான் இருக்கிறான், ரெண்டு சேரை ஒருத்தன் தள்ள முடியாது, இதைப் புரிந்துகொள்ள இங்கிலீஷ் எதற்கு. பிறகு இவள் பக்கம் குனிந்து, "மேடம், வாக்?" என்று கேட்டு, ரெண்டு விரலைத் தன் உள்ளங்கையில் நடக்க விட்டுக் காட்டினாள். சின்னக் குழந்தைக்கு நண்டு ஊறுது காட்டுகிற மாதிரி. தவமணிக்குப் புரிந்தது. தெளிவாகப் புரிந்தது. நடப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள், திறந்த வாய்க்குள் கதிரின் குரல் வந்து உட்கார்ந்துகொண்டது, எந்திரிச்சிராதம்மா, இதுதான் சோதனை, இப்படித்தான் கேப்பான், தலையாட்டினா மாட்டிக்குவ. அவள் தலை இல்லை என்று ஆடியது. கை தானாகப் போய் முட்டியைப் பிடித்துக்கொண்டது, வலிக்கிற முட்டியைப் பிடிக்கிற மாதிரி. வாய் வேறு "ஸ்ஸ்" என்றது. சிவநேசன் கண்ணைத் திறந்தான். "அக்கா" என்றான். கெஞ்சவில்லை, கோபப்படவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி அவ்வளவுதான் சொன்னான். தவமணி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எரிகிற வெயிலையே பார்த்தாள். அவன் காத்துக்கொண்டிருந்தான், அவன் காத்திருப்பது அவள் கழுத்தில் சுட்டது. என்னை என்ன செய்யச் சொல்கிறாய், எனக்கு அங்கே பிள்ளை சாகக் கிடக்கிறது, உனக்கு என்ன, வீட்டுக்குத்தானே போகிறாய், ஒரு நாள் பிந்திப் போனால் குடியா முழுகிப் போகும். பார்க்காதே, என்னை அப்படிப் பார்க்காதே. அவன் பெருமூச்சு விட்டு மேசைக்காரியிடம் இங்கிலீஷில் என்னமோ சொன்னான், நாலைந்து வாக்கியம், நிதானமாக. மேசைக்காரி இவளைப் பார்த்தாள். மொட்டையனும் பார்த்தான். சொல்லிவிட்டான், காட்டிக் கொடுத்துவிட்டான் படுபாவி. மொட்டையன் நேராக வந்து இவள் சேரின் பிரேக்கைக் காலால் எடுத்துவிட்டான். சேர் நகர்ந்தது.

ஓட்டமாக ஓட்டினான். கடைகள் ஓடின, தங்கம் மினுங்கியது, சென்ட் வாசனை மூக்கில் அடித்தது, ஆட்கள் விலகினார்கள், இவள் திரும்பிப் பார்க்கவில்லை, கழுத்து திரும்ப மாட்டேன் என்றது. என்ன சொல்லியிருப்பான். விமானத்துக்குக் கொண்டுபோகிறானா, போலீசுக்குக் கொண்டுபோகிறானா? "எங்கடா தள்ளிட்டுப் போற, மொட்டப் பயலே, பேய் மாதிரி ஓட்டுறானே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள், பயத்தில். "கேட்டுக்குத்தான் அம்மே" என்றான் பின்னாலிருந்து. "மொட்டைதான், என்ன செய்ய, முப்பது வயசுலயே போச்சு." தவமணிக்கு உடம்பெல்லாம் குறுகிப் போனது. பாலக்காட்டுக்காரனாம். தமிழ் நன்றாகவே தெரியுமாம். அப்படியானால் இறங்கினதிலிருந்து இவள் திட்டினதெல்லாம் கேட்டிருக்கிறான். இருந்தாலும் அது பெரிதாகத் தெரியவில்லை, மற்றதுதான் அரித்தது. "தம்பி, அந்த ஆளு என்ன சொன்னாரு? அங்க, இங்கிலீசுல?" அவன் தள்ளிக்கொண்டே ஓடினான். "சொல்லுப்பா. என்னைப் பத்தித்தான?" "ஆமா உங்களைப் பத்தித்தான்" என்றான், மூச்சு வாங்க. "‘இந்த அம்மா நல்லா நடப்பாங்க. ஆனா எந்திரிக்க மாட்டாங்க. இவங்ககூட மல்லுக்கட்டினா ரெண்டு பேருக்கும் பிளைட் போயிரும். அங்க மகளுக்கு ஆபரேஷன். கூட்டிட்டுப் போயிடுங்க’ அப்படின்னு சொன்னாரு."

கேட் தெரிந்தது. வரிசை இல்லை, ஒருத்தி மட்டும் நின்று கையை ஆட்டி ஆட்டி வா வா என்றாள். "அப்ப நான் நடப்பேன்னு உனக்குத் தெரியுமா?" "மேசையில இருக்கிற பெண்ணுக்கும் தெரியும். இந்த வரிசையில பாதிப் பேரு நடக்கிறவங்கதான் அம்மே, தினமும் பாக்கிறதுதானே." "பிடிக்க மாட்டீங்களா? கேமரா?" அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரு பிடிக்க? சேர் கேட்டா குடுக்கணும், நடந்தா விட்ரணும். எந்திரிச்சு என் பின்னால வந்திருந்தீங்கன்னா அவரைத் தள்ளிட்டு வந்திருப்பேன். ரெண்டு பேரும் ஏறியிருப்பீங்க." தவமணி இரும்பு மிதியிலிருந்து காலை எடுத்துத் தரையில் ஊன்றினாள். ஓடுகிற சேர் நின்றுபோகிற அளவுக்கு ஊன்றினாள். எழுந்தாள். "போ. போய் அவரைக் கூட்டிட்டு வா. ஓடு. நான் இங்கன நின்னு கதவை மூட விடாமப் பாத்துக்கிறேன், படுத்துக்கிறேன் வேணும்னா, நீ போ." மணி அடிக்கவில்லை, போலீஸ் வரவில்லை, யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேட்டில் நின்றவள் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி என்னமோ கத்தினாள். "இனி நேரமில்ல" என்றான் மொட்டையன். "அவரைத் தூக்கி வைக்க ரெண்டு ஆளு வேணும், அவரை எல்லாருக்கும் முதல்லயே ஏத்தணும். இன்னைக்கு அவருக்கு அங்கதான், அதே சேர்லதான். நாளைக்குப் பாப்போம்." "எலே, தமிழ் தெரிஞ்சவன்தான நீ, அங்கயே ஒரு வார்த்தை தமிழ்ல சொல்லித் தொலைச்சா என்ன?" கத்திவிட்டாள், தொண்டை கிழிய. அவன் பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் அவள் கையில் வைத்தான். "அவரு உங்களை அக்கான்னு கூப்பிட்டாரே, அது தமிழ்தானே அம்மே" என்றான். குரலில் கோபம்கூட இல்லை, சலிப்புத்தான் இருந்தது. காலிச் சேரைத் திருப்பிக்கொண்டு, வந்த வேகத்தில் இல்லாமல், மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனான்.

கேட்டில் நின்றவள் அட்டையை வாங்கிக் கிழித்தாள், சேர் எங்கே என்று கேட்கவில்லை, நொண்டவில்லையே என்று கேட்கவில்லை, போ என்று கையைக் காட்டினாள். சரிவாக ஒரு நீளப் பாதை, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆளில்லை. சுகந்தி, வர்றேன்டி, வந்துட்டேன், உள்ள போயிரு, ஆத்தா வந்துருவேன், கையைப் பிடிச்சுக்குவேன். இதைத்தானே கேட்டாள், இதுதானே கிடைத்துவிட்டது, சந்தோஷப்படு. கதிர் மேலே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது, கதிர் எங்கே இருந்தான், தலையாட்டினது இவள் தலை, முட்டியைப் பிடித்தது இவள் கை. பின்னால் கதவு இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் நின்றுவிடவில்லை. கால் ரெண்டும் ஒரு நோவும் இல்லாமல், ஒரு தடுமாற்றமும் இல்லாமல், விறுவிறுவென்று நடந்தன. வெட்டிப் போடலாம் போலிருந்தது அவளுக்கு.